தராசு சொல்லாத கணக்கு

25 வயதில் 60 கிலோ இருந்தவர் 50 வயதில் 68. "வயசாச்சுல்லா, கொஞ்சம் சதை போடத்தான செய்யும்" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். தராசு காட்டும் அந்த 8 கிலோவுக்குள் வேறொரு கணக்கு இருக்கலாம். உழைப்பு குறைந்து தசையில் 3 கிலோ கரைந்திருந்தால், ஏறிய கொழுப்பு 11 கிலோ.

வயது ஏற ஏற உடல் எரிக்கும் சக்தி குறைவதால்தான் எடை கூடுகிறது என்பது பாதி கட்டுக்கதை. 6,400-க்கும் மேற்பட்டோரை அளந்து 2021-ல் வெளியான ஆய்வின்படி, உடல் அளவின் வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால் 20 முதல் 60 வயது வரை செலவாகும் சக்தி ஏறக்குறைய மாறுவதில்லை. அறுபதுக்குப் பிறகுதான் ஆண்டுக்கு 0.7 சதவீதம் போலச் சரிகிறது.

கொழுப்பு எங்கே தங்குகிறது என்பதுதான் முக்கியம். தோலுக்கு அடியில் இருக்கும் வரை பெரிய தொந்தரவில்லை. அந்த இடம் நிறைந்தால் மிச்சம் குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் இறங்கும். நம்மவர்களுக்கு அது சீக்கிரமே நிறைந்துவிடுகிறது. ஒல்லியான ஆளுக்கும் சர்க்கரை வர இதுவும் ஒரு காரணம். கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலினின் பேச்சைக் கேட்காமல் இரவெல்லாம் குளுக்கோஸை ரத்தத்தில் விடும். "ராத்திரி ரெண்டு இட்லிதான், காலையில வெறும் வயித்துல சர்க்கரை 118 எப்படி?" என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்வது தசை. வேலை செய்யும் தசை இன்சுலின் அதிகம் இல்லாமலேயே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். நெல்லைச் சீமையில் முக்கூடல், ஆலங்குளம் பக்கம் மடியில் சொளவை (முறத்தை) வைத்து நாள் முழுக்க பீடி சுற்றும் பெண்களுக்குக் கை ஓயாது, ஆனால் தொடைத் தசை சும்மா கிடக்கும். சாப்பாட்டுக்குப் பின் 10, 15 நிமிட நடை இவர்களுக்கு மாலை நேர நடையைவிடச் சர்க்கரையை நன்றாகப் பிடிக்கும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதை வாரத்தில் இரண்டு மூன்று நாள், முறைக்குப் பத்து வீதம் மூன்று முறை செய்தால் தசை தங்கும்.

இடுப்பை அளப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வேட்டியும் பேண்டும் தொப்பைக்குக் கீழே இறங்கிவிடுவதால் பேண்ட் அளவு இருபது வருடமாக 34-லேயே நிற்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே டேப்பை வைத்து, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. மாதவிடாய் நின்றபின் எடை ஏறாமலே இந்த அளவு கூடுவதுண்டு.

குறைக்கும்போது மொத்த எடையில் 5 சதவீதம் போனாலே கல்லீரல் கொழுப்பு கண்ணில் படும்படி இறங்கும். பட்டினி கிடந்து குறைத்தால் தசையும் சேர்ந்து போகும். நம்மூர் உளுந்தம்பருப்புச் சோற்றில் அரிசியைக் குறைத்து உளுந்தைக் கூட்டி, தொட்டுக்க முட்டையோ மீனோ வைத்தால் புரதம் கிடைக்கும். சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் சர்க்கரை ஏறாது என்பதை மட்டும் நம்ப வேண்டாம். அதிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான்.

எழுபதில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். முயற்சி எதுவும் செய்யாமலே ஆறு மாதத்தில் 60 கிலோ 57 ஆனால், 'உடம்பு இறங்கியிருக்கு, நல்லதுதான்' என்று இருந்துவிடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய் எல்லாமே முதலில் இப்படித் தலைகாட்டலாம்.