காலுக்கடியில் ஒரு 'டங்'

பொகவந்தலாவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தோட்டப் பாடசாலை ஆசிரியர். ஐந்தாறு வருடம் 100 சிசி மோட்டார் சைக்கிளில் நோர்வூட் வழியாக ஹட்டனுக்குப் போய்வந்தவர், இப்போது பழைய குரூசர் ரக மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு மாறியிருக்கிறார். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு கைமாறிக் கைமாறி வந்த வண்டி. காலை நீட்டி உட்காரும் சுகம் பிடித்திருக்கிறதாம். பிடிக்காதது சத்தம்.

"காலையில் முதல் கியரைப் போட்டால் சுத்தியலால் இரும்பில் அடித்தது போல 'டங்' என்கிறது. கியர் பெடலும் கட்டை போல இறுகியிருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் கண்ணூறு என்கிறார். நான்கு எலுமிச்சம்பழம் நசுக்கியாகிவிட்டது. என்ஜின் கெட்டுவிட்டதா? இரவில் வண்டியை நிறுத்திய பிறகும் கொட்டகைக்குள் 'டிக், டிக்' என்று ஏதோ கேட்கிறது. அம்மா பயப்படுகிறார்."

எலுமிச்சம்பழத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த 'டங்'.

என்ஜின், கிளட்ச், கியர்ப் பெட்டி, சங்கிலி, பின்சக்கரம் என்ற வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிளட்சை இழுத்தால் என்ஜினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் உள்ள தொடர்பு அறும், விட்டால் சேரும். அதையும் விட்டுவிடுவோம். நாம் நிற்க வேண்டிய இடம் கியர்ப் பெட்டி.

கியர் மாற்றுவது என்றால் ஒரு பல்சக்கரத்தை விலக்கி இன்னொன்றைப் பல்லோடு பல் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். இன்றைய மோட்டார் சைக்கிளில் அப்படி எதுவும் நடப்பதில்லை. பெட்டிக்குள் இரண்டு தண்டுகள். ஒன்று கிளட்சிலிருந்து வருவது, மற்றது சங்கிலிக்குப் போவது. ஐந்து கியர் என்றால் ஐந்து சோடிப் பல்சக்கரங்கள். அந்த ஐந்து சோடியும் எந்நேரமும் கோத்தபடியே இருக்கின்றன, நியூட்ரலிலும் கூட. பிறகு எப்படி வண்டி நிற்கிறது? ஒவ்வொரு சோடியிலும் ஒரு சக்கரம் தன் தண்டோடு பிணைக்கப்படாமல் சும்மா சுழல்கிறது.

அப்பா காலத்துத் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கூரையடியில் நீளமான இரும்புத் தண்டு ஒன்று ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அதிலிருந்து பட்டைகள் இறங்கி இயந்திரங்களை ஓட்டும். ஓர் இயந்திரத்தை நிறுத்த வேண்டுமானால் தண்டை நிறுத்தமாட்டார்கள். பட்டையைத் தள்ளி, பக்கத்தில் சும்மா சுழலும் கப்பிக்கு மாற்றிவிடுவார்கள். கப்பி சுற்றும், இயந்திரம் நிற்கும். கியர்ப் பெட்டிக்குள் இருப்பவையும் அத்தகைய சோம்பேறிக் கப்பிகள்தான்.

சோம்பேறியை வேலைக்கு இழுப்பது எப்படி? அதன் பக்கவாட்டில் குழிகள் வெட்டியிருப்பார்கள். அதற்கு அடுத்துள்ள சக்கரம் தண்டோடு சேர்ந்துதான் சுற்றும். ஆனால் தண்டின் நீளவாக்கில் இடவலமாக வழுக்கும். அதன் பக்கவாட்டில் விரல்நுனி பருமனில் சில கட்டைப் பற்கள் துருத்திக்கொண்டிருக்கும். அது நகர்ந்து வந்து தன் கட்டைப் பற்களைக் குழிகளுக்குள் நுழைத்ததும் சோம்பேறிச் சக்கரம் தண்டோடு பிணைந்துவிடுகிறது. கியர் விழுந்தது. ஆங்கிலத்தில் அந்தப் பற்களுக்கு 'நாய்' என்றே பெயர். கவ்வினால் விடாத சாதி, பொருத்தமான பெயர்தான்.

சரி, அந்தச் சக்கரங்களைத் தள்ளுவது யார்? என்னைக் கேட்டால், மோட்டார் சைக்கிளிலேயே அழகான பாகம் இதுதான். கைக்குள் அடங்கும் ஓர் உலோக உருளை. அதன் மேற்பரப்பில் வளைந்து நெளிந்து ஓடும் பள்ளங்கள், பெரும்பாலும் மூன்று. ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு முள் உட்கார்ந்திருக்கும். அந்த முள் ஒரு கவையின் அடிப்பகுதி. கவையின் இரு விரல்களும் வழுக்கும் சக்கரத்தைப் பிடித்திருக்கும். நீங்கள் பெடலை ஒருமுறை தட்டினால் உருளை ஒரு படி திரும்பும். அவ்வளவுதான்.

அந்த உருளையின் மேற்பரப்பைக் காகிதமாக விரித்தால், கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியின் வரைபடம் போலிருக்கும். கொஞ்ச தூரம் நேர், சடாரென ஒரு வளைவு, மறுபடி நேர். பள்ளம் நேராக ஓடும் இடத்தில் கவை அசையாது. வளைவு வரும்போது பக்கவாட்டில் தள்ளப்படும். மூன்று பள்ளங்களும் ஒன்றையொன்று கணக்கில் எடுத்து வெட்டப்பட்டவை. இரண்டாவது கியரை விடுவிக்காமல் மூன்றாவதைக் கவ்வ உருளை இடம் கொடுக்காது. கணினி இல்லை, மின்சாரம் இல்லை. எந்தக் கியருக்குப் பிறகு எது என்ற நினைவு முழுவதும் உலோகத்தில் வெட்டிய மூன்று கோடுகளில் இருக்கிறது. ஹட்டனில் ஒரு கராஜில், கழற்றி வைத்திருந்த உருளையை ஒயில் சொட்டச் சொட்டக் கையில் எடுத்து அரைமணி நேரம் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சேர், அது விற்பனைக்கு இல்லை" என்றார் கராஜ்காரர்.

இப்போது 'டங்' தானாகவே விளங்கும். வண்டி நிற்கிறது, பின்சக்கரம் நிற்கிறது, ஆகவே சங்கிலிப் பக்கத் தண்டும் நிற்கிறது. என்ஜின் நிமிடத்துக்கு 1200 சுற்று என்று வைத்துக்கொள்வோம். கிளட்சுக்கு வரும்போதே அது ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. கிளட்ச் பக்கத் தண்டு நிமிடத்துக்கு 400 முறை சுற்றுகிறது. அதோடு கோத்த முதல் கியரின் சோம்பேறிச் சக்கரம் இன்னும் மெதுவாக, ஆனாலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நிற்கும் தண்டின் பற்கள் சுற்றும் சக்கரத்தின் குழியில் விழுகின்றன. கிளட்சின் உள்தட்டுகள், தண்டு, சக்கரங்கள் எல்லாம் ஒரே கணத்தில் நிறுத்தப்படுகின்றன. உங்கள் பழைய 100 சிசியிலும் இதே மோதல் நடந்தது. அங்கே மோதியவை சிறியவை, 'க்ளிக்' என்று முடிந்தது. குரூசரில் தட்டுகள் பெரியவை, சக்கரங்கள் கனமானவை. சுழலும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். குளிரில் சோக்கை இழுத்து என்ஜின் 2000 சுற்றில் இரைந்துகொண்டிருக்கும்போது கியர் போட்டால் மோதலின் ஆற்றல் 1200இல் இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

"ஆனால் நான் கிளட்சை இழுத்துத்தானே போடுகிறேன்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மோட்டார் சைக்கிள் கிளட்ச் பெரும்பாலும் ஒயிலில் குளித்திருக்கும் தட்டுகளின் அடுக்கு. லீவரை இழுத்தால் தட்டுகளின் மேலுள்ள அழுத்தம் விலகும்; இடையிலுள்ள ஒயில் விலகாது. ஒன்றன் மேல் ஒன்று வைத்த ஈரக் கண்ணாடிகளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாதாரண 10டபிள்யூ-40 ஒயில் 100 பாகை செல்சியசில் ஓடும் வேகத்தோடு ஒப்பிட்டால், 10 பாகையில் இருபது முப்பது மடங்கு கெட்டி. பொகவந்தலாவையின் தை மாதக் காலை எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை. கிளட்சை முழுதாக இழுத்த பிறகும் அந்தக் கெட்டி ஒயில் தண்டைச் சுற்றவைத்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் உங்கள் 'டங்' காலையில் பெரிது, ஹட்டன் பஸ் நிலையத்தை நெருங்கும்போது சிறிது.

ஆகவே, காலையில் என்ஜினைத் தொடக்கும் முன் கியரில் போட்டு, கிளட்சை இழுத்துப் பிடித்து, வண்டியை முன்னும் பின்னும் சில தடவை உருட்டுங்கள். ஒட்டிய தட்டுகள் பிரியும். பிறகு நியூட்ரலில் தொடக்கி, சோக்கை விட்டு, இரைச்சல் அடங்கும்வரை காத்திருங்கள். கிளட்சை இழுத்தவுடன் கியரை மிதிக்காமல் இரண்டு மூன்று செக்கன் பொறுங்கள். தண்டு வேகம் தணியும். லீவரின் நுனி 10 முதல் 15 மில்லிமீட்டர் சும்மா ஆடிய பிறகே கேபிள் இறுக வேண்டும். அதற்கு மேல் ஆடினால் கிளட்ச் முழுதாகப் பிரியாது. இவ்வளவுக்குப் பிறகும் சின்னதாக ஒரு 'டங்' இருக்கும். அது போகாது, போகவும் வேண்டாம்.

இறுக்கத்துக்கு வருவோம். பாதி காரணம் அற்பமானது: குரூசரில் பெடல் முன்னே தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது, அங்கிருந்து பெட்டிக்கு ஒரு கம்பி போகிறது, அதன் மூட்டுகள் மழையில் நனைந்து காய்ந்து துருவேறியிருக்கும். கிரீஸ் போடுங்கள். மறுபாதி அந்தக் கவ்வும் பற்களின் தந்திரம். அவற்றின் பக்கங்களைச் செங்குத்தாக வெட்டுவதில்லை. அடிப்பக்கம் சில பாகை உள்வாங்கியிருக்கும். என்ஜின் இழுக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று இன்னும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஏற்றத்தில் கியர் நழுவாமல் இருப்பது இதனால்தான். திராட்டிலைத் திருகியபடியே பெடலை உதைத்தால் அசையாததும் இதனால்தான். திராட்டிலை விட்ட அந்த ஒரு கணத்தில் பற்களின் மேல் எந்தப் பக்கமும் சுமை இருக்காது. அந்தக் கணத்தில் பெடலைத் தட்டினால் வெண்ணெயில் கத்தி. பலம் தேவையில்லை, நேரம்தான் தேவை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நண்பரின் குரூசரில் லபுக்கலையை நோக்கி ஏறும்போது, கொண்டை ஊசி வளைவொன்றில் மூன்றிலிருந்து இரண்டுக்கு அரைமனதாக மிதித்தேன். பற்கள் குழியின் விளிம்பைத் தட்டிவிட்டுத் திரும்பிவிட்டன. இரண்டும் இல்லை, மூன்றும் இல்லை. என்ஜின் அலறியது, வண்டி பின்னோக்கி வழுக்கத் தொடங்கியது, பின்னால் மரக்கறி லொறி ஒன்று. பிரேக்கைப் பிடித்து நின்று, நடுங்கும் காலால் முதல் கியரைப் போட்டேன். அன்று கேட்ட 'டங்' போல இனிமையான ஒலியை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

என் தாய்மாமன் இலங்கை போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) சாரதி. பழைய லேலண்ட் பஸ்ஸில் கீழ்க்கியருக்கு வரும்போது கிளட்சை இரண்டு முறை மிதிப்பார். நடுவில் அக்சிலரேட்டரை ஒரு உறுமு. சிறுவயதில் அது அவருடைய பந்தா என்று நினைத்தேன். காருக்குள் இப்போது பித்தளை வளையம் ஒன்று உராய்ந்து இரு பக்க வேகத்தையும் சமன் செய்கிறது. அந்த வளையம் இல்லாத பெட்டியில் மாமாவின் கால்தான் அந்த வேலையைச் செய்தது. மோட்டார் சைக்கிளில் இன்றும் அந்த வளையம் இல்லை. மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போது, அதே வேகத்தில் என்ஜின் 3000 சுற்றிலிருந்து சுமார் 4000க்கு ஏற வேண்டியிருக்கும். கிளட்சை இழுக்கும் அதே கணத்தில் திராட்டிலை இலேசாகத் திருகினால் உங்கள் மணிக்கட்டு அந்தப் பித்தளை வளையம்.

எலுமிச்சம்பழம். முனியாண்டி கோயிலடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டு மலையிறங்கும் சாரதியோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த ஒரு நிமிடம் அவரை நிதானப்படுத்தினால் நல்லதே. ஆனால் நான்கு எலுமிச்சம்பழ நேரத்தில் கேபிளை ஒருமுறை பார்த்திருக்கலாம். ஆசிரியரையும் குறை சொல்ல மாட்டேன். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆயிரத்தில் ஒன்றைச் சுற்றியே ஆராய்ச்சிக்குச் செலவிடும் நாடு இது. தோட்டப் பாடசாலையின் ஆய்வுகூடம் எந்த நிலையில் இருக்கும் என்று அவருக்கே தெரியும். கராஜில் பழைய இரும்பு விலைக்குக் கிடக்கும் கியர்ப் பெட்டி ஒன்றை இரண்டாகப் பிளந்து வகுப்பு மேசையில் வைத்தால் உராய்வு, சுழற்சி, பாகுநிலை மூன்றையும் ஒரே நாளில் பிள்ளைகள் கையால் தொட்டுப் படிக்கலாம். இதற்கு எந்த அமைச்சின் அனுமதிக் கடிதமும் வேண்டாம்.

மற்றச் சத்தங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலே தையல் இயந்திரம் போல ஓடும் மெல்லிய சத்தம் வால்வுகளுடையது. காற்றால் குளிரும் என்ஜினில் அதை அமுக்கத் தண்ணீர் உறை இல்லை. அளவு சரியாக வைத்திருந்தாலும் கேட்கும். 'டக்-டக்... டக்-டக்' என்ற தடுமாறும் தாளம் இரட்டைச் சிலிண்டரின் கோணத்தால் வருவது, நோயல்ல. ஏற்றத்தில் சுமை ஏற ஏற அடிவயிற்றிலிருந்து கனத்து வரும் தட்டல், கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்குப் போவது, இரண்டில் எது நடந்தாலும் அன்றைக்கே கராஜுக்குப் போங்கள். கழன்றுபோகும் கியர் என்றால் பற்களின் முனை தேய்ந்து உருண்டுவிட்டது என்று அர்த்தம். பழக்கம் அதைச் சரிசெய்யாது.

கடைசியாக, அம்மாவின் பயம். ஓடிவந்த என்ஜினின் அலுமினியத் தகடுகளும் எக்சோஸ்ட் குழாயும் சூட்டில் நீண்டிருக்கின்றன. அதே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். நிறுத்தியதும் எல்லாம் சுருங்கத் தொடங்குகின்றன, ஆனால் ஒரே அளவில் அல்ல. போல்ட் பிடித்த இடத்தில் ஒன்று மற்றொன்றை இழுத்துப் பிடிக்கும். இழுவை தாங்காதபோது ஒரு மயிரிழை வழுக்கும். 'டிக்'. மறுபடி பிடிக்கும், மறுபடி வழுக்கும். சூடு குறையக் குறைய இடைவெளி கூடிக்கொண்டே போய் அரைமணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

நல்ல வெயில் அடித்த நாளொன்றில், பொழுது சாய்ந்த பிறகு லயத்துத் தகரக் கூரையை அம்மாவைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிறந்த நாளிலிருந்து அவர் கேட்டு வளர்ந்த அதே சத்தம்தான்.