அந்தியேட்டி செய்யாத வீடுகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் உளவளத்துணைக்காக நான் சந்திக்கும் தாய்மார் பலர், நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது என்றுதான் முதலில் சொல்வார்கள். கொஞ்சம் பழகிய பிறகே 2009இல், போரின் முடிவில் காணாமலாக்கப்பட்ட பிள்ளையின் பேச்சு வரும். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கைச் செய்யவில்லை, திவசமும் கொடுப்பதில்லை. கொடுத்தால் பிள்ளையைத் தாங்களே சாகக் கொடுத்ததாகிவிடும் என்று பயப்படுகிறார்கள்.

“இவ்வளவு காலமாச்சு, இனி மறவுங்கோ” என்று அயலவரும் அதிகாரிகளும் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்த வேண்டும். உளப்பகுப்பாய்வைத் தொடக்கிவைத்த சிக்மண்ட் பிராய்ட் 1917இல் வெளியிட்ட கட்டுரையில், துக்கத்தை மனம் செய்துமுடிக்க வேண்டிய ஒரு வேலையாகப் பார்த்தார். நேசித்தவர் இனி இல்லை என்பதை யதார்த்தம் திரும்பத் திரும்பக் காட்டும். மனம் ஒவ்வொரு நினைவாக எடுத்து, வலியோடு, மெல்ல மெல்லப் பிடியைத் தளர்த்தும். வன்னித் தாய்க்கு அந்த யதார்த்தத்தை யார் காட்டினார்கள்? உடல் இல்லை, பதில் இல்லை. முறைப்பாட்டுக் கடிதங்கள் நிறைந்த ஒரு பைல் மட்டும் இருக்கிறது. அரசு தரும் காணாமற்போனமைச் சான்றிதழ் வங்கி, காணி அலுவல்களுக்கு உதவும், சரி. பிள்ளைக்கு என்ன நடந்தது என்பது அதில் இல்லை.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமலாக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கியதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். உண்மை தெரிந்தால்தான் அவர்களால் அழுதுமுடிக்க முடியும். உண்மையைச் சொல்லவேண்டியது அரசு. அதனால் ஒரு தாயின் துக்கமே இங்கே அரசியலாகிவிடுகிறது.

அழுதுமுடிக்காத துக்கம் அடுத்த தலைமுறைக்குக் கைமாறும் என்று சைப்பிரஸில் பிறந்த உளப்பகுப்பாய்வாளர் வாமிக் வோல்கன் எழுதியிருக்கிறார். அவர் காட்டும் உதாரணம் செர்பியா. 1389இல் கொசோவோவில் நடந்த, செர்பியர் தங்கள் பெருந்தோல்வியாக நினைவில் வைத்திருந்த போரை, 600 ஆண்டுகள் கழித்து 1989இல் செர்பியத் தலைவர் மிலோசெவிச் பெருங்கூட்டத்தின் முன் நினைவூட்டினார். அடுத்த சில வருடங்களில் யூகோஸ்லாவியா எரிந்தது. துக்கத்துக்கு இடம் கொடுக்காத சமூகத்தில், அதைக் கையிலெடுக்க ஒரு தலைவர் எப்போதும் கிடைப்பார். தேர்தல் காலத்தில் இந்தத் தாய்மாரோடு படம் எடுக்க வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கவலைதான் வருகிறது.

ஆகவே, 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் காணாமலாக்கப்பட்ட மாமாவின் கதையை மேடையில் கேட்க முதல் வீட்டில் கேட்கட்டும். அவர் படித்த பள்ளிக்கூடம், விரும்பிச் சாப்பிட்டது, குழப்படி எல்லாவற்றையும் சொல்லுங்கள். திவசம் வேண்டாமென்றால் அவருடைய நட்சத்திரத்துக்கு ஓர் அர்ச்சனை செய்யலாம். அது அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லாது. நித்திரையும் பசியும் வாரக்கணக்கில் இல்லாமல் போனால், சாகலாம் என்ற நினைப்பு வந்தால், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.