ஸ்ட்ரோமட்டோலைட்: தமிழில் பாய்ப்பாறை

பூமியில் உயிர் தோன்றிய கதையைப் படிக்க உட்கார்ந்தால் சீக்கிரமே எதிர்ப்படும் சொல் ஸ்ட்ரோமட்டோலைட். நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காகக் கட்டிய கல்லுக்குப் பெயர் அது. வாயில் நுழையவில்லை என்று பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால் நம் வீட்டுச் சொல்தான் உள்ளே இருக்கிறது.

கிரேக்கத்தில் 'ஸ்ட்ரோமா' என்றால் படுப்பதற்கு விரிப்பது. 'லித்தோஸ்' என்றால் கல். இரண்டையும் சேர்த்து 1908இல் பெயர் வைத்தவர் எர்ன்ஸ்ட் கால்கோவ்ஸ்கி என்ற ஜெர்மன் புவியியலாளர். வடக்கு ஜெர்மனியில் அவர் ஆராய்ந்த சுண்ணாம்புப் பாறைகளில், முட்டைக்கோஸைக் குறுக்கே வெட்டினால் தெரியுமே, அதுபோல மெல்லிய வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின. இது உயிர் கட்டிய கல் என்றார் அவர். பலர் நம்பவில்லை. 1950களில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில், ஹாமலின் பூல் என்ற ஆழமில்லாத கடற்பகுதியில், இன்றும் வளர்ந்துகொண்டிருப்பவை கண்ணில் பட்டன. அப்புறம்தான் சந்தேகம் தீர்ந்தது.

சரி, நுண்ணுயிர் எப்படிக் கல் கட்டும்? குளத்துப் படிக்கட்டில் காலை வழுக்கிவிடும் பச்சை வழுவழுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர் அப்படித்தான் பிசுபிசுப்பாகப் படர்கிறது. அலை கொண்டுவரும் மணல்துகள் அதில் ஒட்டிக்கொள்கிறது. நீரிலுள்ள சுண்ணாம்பும் படிகிறது. இப்படிப் படிந்தவை வெளிச்சத்தை மறைத்ததும் உயிர்கள் மேலே ஏறி மறுபடி படர்கின்றன. ஒரு வரி முடிந்தது. ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். ஹாமலின் பூலில் ஒரு காலத்தில் கம்பளிப் பொதி ஏற்றிய வண்டிகள் இவற்றின்மேல் போய்வந்தன. அந்தச் சக்கரத் தடம் இன்னும் மூடவில்லை. கடலைப்போல் இரண்டு மடங்கு உப்பு அங்கே. மேய்ந்து தீர்க்கும் நத்தைகள் அதிகம் அண்டாததால்தான் இவை பிழைத்திருக்கின்றன.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? 'அடுக்குப்பாறை' என்றால் படிவுப்பாறைகள் எல்லாமே அதில் அடங்கிவிடும். 'பாசிப்பாறை' காதுக்கு இனிமைதான். ஆனால் பாசி படிந்த பாறை வேறு, உயிர் கட்டிய பாறை வேறு. தவிர, பள்ளிப் புத்தகங்கள் நீலப்பச்சைப்பாசி என்றாலும் சயனோபாக்டீரியா பாசி இனமே அல்ல, பாக்டீரியா.

என் தேர்வு 'பாய்ப்பாறை'. ஸ்ட்ரோமாவுக்கு நேர்ச்சொல் பாய். கல்லின்மேல் உயிரோடு படர்ந்திருக்கும் படலத்தையும் நுண்ணுயிர்ப் பாய் என்றுதான் சொல்கிறோம். பாய்கிற பாறை என்று யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். அது வினைத்தொகை, ஒற்று மிகாது, 'பாய்பாறை' என்றே வரும். நடுவில் நிற்கும் 'ப்' நம் பொருளைக் காத்துக்கொள்கிறது.

இனி இப்படி எழுதலாம்: மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராப் பகுதியில் உள்ள பாய்ப்பாறைகளுக்கு வயது சுமார் 348 கோடி ஆண்டுகள். பாய்ப்பாறை கட்டிய சயனோபாக்டீரியா வெளிவிட்ட ஆக்சிஜன், சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் சேரத் தொடங்கியது.