அரங்கில் உட்கார்ந்தால் குரல் நேராகக் காது மெஷினுக்குள்

காது மெஷின் மாட்டிக்கொண்டால் நாடகம் தெளிவாகக் கேட்டுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மேடையில் பேசுகிறவர் எங்கோ தூரத்தில் இருக்கிறார், இருமுகிறவர் பக்கத்து இருக்கையில் இருக்கிறார், மெஷினின் மைக் இரண்டையும் பிடித்துப் பெரிதாக்குகிறது, சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் சேர்ந்துகொண்டால் வசனம் குழம்பிப்போகும். இன்றைய மெஷின்கள் இரைச்சலை ஓரளவு வடிகட்டினாலும் இந்தத் தூரத்தை அவற்றால் குறைக்க முடியாது.

பிரிட்டனில் பல அரங்குகளில் இதற்கு ஹியரிங் லூப் வைத்திருக்கிறார்கள். ஜோசப் பொலியாகோஃப் என்ற கண்டுபிடிப்பாளர் 1937இலேயே அங்கே காப்புரிமை பெற்ற யோசனை இது. இருக்கைகளைச் சுற்றித் தரையில் ஒரு கம்பி ஓடுகிறது, அவ்வளவுதான். மேடை மைக்கிலிருந்து வரும் ஒலி ஆம்ப்ளிஃபயர் வழியாக மின்னோட்டமாகி அந்தக் கம்பிக்குள் போகிறது. குரல் ஏறி இறங்கும்போது மின்னோட்டமும் ஏறி இறங்கும், கூடவே கம்பியைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் மாறும். மாறும் காந்தப்புலத்தில் ஒரு கம்பிச்சுருளை வைத்தால் அதில் மின்சாரம் பிறக்கும் என்று விஞ்ஞானி ஃபாரடே 1831இல் காட்டினாரே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. அந்தச் சுருள் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது, டெலிகாயில் என்பார்கள். ‘டி’ நிலைக்கு மாற்றினால் மெஷினின் மைக் அணைந்து, இருமல், கிசுகிசு எல்லாம் போய், மேடைக் குரல் மட்டும் வரும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, யாரிடமும் போய் ஹெட்போன் கேட்டு வாங்க வேண்டியதில்லை, எல்லோரையும் போல வந்து உட்கார்ந்தால் போதும்.

ஆனால் கம்பியை ஏனோதானோ என்று போட முடியாது. கட்டடத்தின் இரும்பு காந்தப்புலத்தை உறிஞ்சிவிடும், மேடை விளக்குகளின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் ‘ங்ங்’ என்று ரீங்காரம் கிளப்பும், பக்கத்து அரங்கின் வசனம் இங்கே கசியும், தலையைச் சாய்த்தால்கூடச் சுருளின் திசை மாறி ஒலி குறையும். அதனால் ஒவ்வோர் இருக்கைப் பகுதியிலும் அளந்து பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

சைகை மொழியையே தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு லூப்பால் பெரும்பாலும் பயனில்லை. அவர்களுக்கு வெளிச்சத்தில் நிற்கும் சைகை மொழிபெயர்ப்பாளரும் வசனத்தைக் காட்டும் திரையும் வேண்டும், அதை விட்டுவிட்டு லூப் மட்டும் போட்டுக் கடமை முடிந்தது என்று எந்த அரங்கமும் சொல்லக் கூடாது.

அப்புறம், வீட்டில் யாருக்காவது மெஷின் வாங்குகிறீர்கள் என்றால் டெலிகாயில் இருக்கிறதா என்று காதைச் சோதித்து மெஷின் பொருத்தித் தரும் ஆடியாலஜிஸ்டிடம் கேளுங்கள். காதுக்குள் மறையும் மிகச் சிறிய மெஷின்களில் பெரும்பாலும் அதற்கு இடமிருக்காது. டெலிகாயில் உள்ள மெஷினிலும் அதை இயக்கிவிடாமலே கொடுத்துவிடுவதுண்டு, கையோடு இயக்கித் தரச் சொல்லுங்கள்.