காரை வாங்கிவிட்டு கிளாஸ் தேடாதீர்கள்

போன வாரம் மறுபடியும் ஒரு தம்பி வந்தார். திருப்பூர்க்காரர், அப்பாவோடு சேர்ந்து பனியன் யூனிட் பார்த்துக்கொள்கிறார். ஒரு லிட்டர் டர்போ இன்ஜின் போட்ட ஹேட்ச்பேக் வைத்திருக்கிறார். ரீமேப் (பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது) பண்ணியாயிற்று. ஃப்ரீஃப்ளோ சைலன்சர், லோவரிங் ஸ்பிரிங், பெரிய அலாய் எல்லாம் ஏறிவிட்டது. பின் சீட்டைக் கழற்றிவிட்டு உள்ளே ரோல் கேஜும், அதாவது கார் உருண்டால் ஆளைக் காக்கிற இரும்புக் கூண்டும், வெல்டு வைத்தாயிற்று. ஏலச்சீட்டு எடுத்த பணம் மொத்தமும் அதில் போய்விட்டது. இவ்வளவும் முடித்த பிறகு என்னிடம் கேட்கிறார், "அண்ணா, இதை எந்த கிளாஸ்லீங்க ஓட்டறது?"

கிளாஸ் என்றால் ரேஸில் ஒரே தரத்துக் கார்களைச் சேர்த்து ஓட்டவிடுகிற போட்டிப் பிரிவு. இப்போது இருக்கிற நிலையில் எதிலும் ஓட்ட முடியாது என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. கோயமுத்தூரில் ரேஸ் கார் தயார் செய்கிற பட்டறை வைத்திருக்கிறேன். இதே கேள்வி பொள்ளாச்சியிலிருந்தும் கோபியிலிருந்தும் கரூரிலிருந்தும் வந்துகொண்டே இருக்கிறது. முதலில் காரை வாங்குகிறார்கள், அப்புறம் அதில் பணத்தைக் கொட்டுகிறார்கள், கடைசியில்தான் ரூல் புக் என்று ஒன்று இருப்பதே தெரிய வருகிறது. கையில் கொஞ்சம் பணத்தோடு ரேஸுக்கு வர நினைப்பவர்கள் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு கிளாஸுக்கும் விதிமுறை வெளியாகும். எந்த மாடல், எத்தனை சிசி, குறைந்தபட்ச எடை எவ்வளவு, எந்த டயர், இன்ஜினுக்குள் எதைத் தொடலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். இதைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாடிஃபிகேஷன் கடையில், "கூடாதுன்னு எங்கேயும் எழுதலையே, அப்ப செய்யலாம்" என்பார்கள். ரேஸ் விதியில் 'செய்யலாம்' என்று எழுதியிருந்தால் மட்டுமே செய்யலாம். எழுதாமல் விட்ட எல்லாமே கூடாது என்றுதான் அர்த்தம். ரேஸுக்கு முன்னால் காரைச் சோதிக்கிற ஸ்க்ரூட்டினியரிங்கில் நின்றுகொண்டு "இது பவரே கூட்டாதுங்க" என்று வாதாடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பவர் கூடுகிறதா குறைகிறதா என்பது அங்கே கேள்வியே இல்லை.

டர்போ விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். "ஆயிரம் சிசிதானே, சின்ன கிளாஸில் ஓட்டலாம்" என்று நினைக்கிறார்கள். உலக அளவில் மோட்டார் ரேஸுக்கு விதி போடுகிற எஃப்.ஐ.ஏ. அமைப்பின் விதிகளில் டர்போ பெட்ரோல் இன்ஜினின் சிசியை 1.7-ஆல் பெருக்கித்தான் கிளாஸ் பிரிப்பார்கள். 998 சிசி டர்போ இன்ஜின் அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட 1,697 சிசி ஆகிவிடும். அதாவது 1600 சிசி வரம்பையும் தாண்டிப் பெரிய கிளாஸுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே வருகிறவர்கள் இன்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் பணம் கொட்டி முழுதாக மாற்றிக்கொண்டு வருகிறவர்கள். ரீமேப்பும் சைலன்சரும் மட்டும் போட்ட காரோடு அவர்கள் பின்னால் சுற்றிச் சுற்றி வருவதற்கா சீட்டுப் பணத்தை எடுத்தீர்கள்?

அந்தத் தம்பியின் ரோல் கேஜைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. வெல்டு வைத்தவர் மிச்சத் துண்டு ஒன்றை டிக்கியிலேயே போட்டு வைத்திருந்தார். அதை எடுத்து உள்ளே விரலை விட்டுத் தடவினேன். நீளவாக்கில் ஒரு கோடு மேடாகத் தட்டுப்பட்டது. தகட்டைச் சுருட்டி ஓரத்தை வெல்டு வைத்துச் செய்கிற ஈஆர்டபிள்யூ பைப். கேட்டுக்கும் கூரை ஷெட்டுக்கும் போடுவது. எஃப்.ஐ.ஏ. விதி கேட்பது கோல்டு ட்ரான் சீம்லெஸ் கார்பன் ஸ்டீல், அதாவது வெல்டு கோடே இல்லாமல், சூடாக்காமல் இழுத்துச் செய்த பைப். இழுவிசை வலிமை குறைந்தது 350 மெகாபாஸ்கல் இருக்க வேண்டும். தலைக்குப் பின்னால் வளைந்து நிற்கிற மெயின் ஹூப்புக்கு 45 மி.மீ. விட்டத்தில் 2.5 மி.மீ. தடிமன், இல்லை 50 மி.மீ. விட்டத்தில் 2 மி.மீ. தடிமன். கார் உருண்டால் தம்பி போட்ட ஈஆர்டபிள்யூ பைப் அந்த வெல்டு கோட்டு வழியாகவே பிளக்கக்கூடும். நம் ஊரில் எந்த வேலைக்கும் லேத்தும் வெல்டரும் கூப்பிடு தூரத்தில் கிடைக்கிறார்கள். அவர்கள் கைவேலையில் எனக்குக் குறை கிடையாது. என்ன பைப் என்று சொல்லி வாங்கித் தருவது உங்கள் பொறுப்பு. பில்லையும் டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்டையும் கையில் வாங்காமல் ஒரு புள்ளி வெல்டு வைக்க விடாதீர்கள்.

குறைந்த செலவில் ரேஸ் ஓட்டுவது எப்படி என்று இந்த ஊர் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கிறது, அதை நாமே மறந்துவிட்டோம் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. சென்னைப் பக்கம் சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்தில் இறக்குமதி கார் வைத்திருந்தவர்கள் முன்னால் போனார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோயமுத்தூர்க்காரரான கரிவரதன், எண்பதுகளின் கடைசியில் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ஃபார்முலா கார் செய்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. எல்லாருக்கும் ஒரே மாதிரி கார், கடைத்தெருவில் கிடைக்கிற இன்ஜின், தெருமுனை மெக்கானிக்குக்கும் தெரிந்த ஸ்பேர். 2005-இல் ஃபார்முலா ஒன் வரை போன நம் ஊர் நரேன் கார்த்திகேயனும் அந்தக் காரில்தான் தொடங்கினார். 1995-இல் விமான விபத்தில் கரிவரதன் இறந்துவிட்டார். கோயமுத்தூரை ஒட்டிய செட்டிபாளையத்தில் இருக்கிற டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அவர் போட்ட வழியில் வந்தவைதான் ஃபார்முலா எல்.ஜி.பி. கார்கள். 1300 சிசி மாருதி இன்ஜின், எல்லாருக்கும் ஒரே சேஸிஸ், ஒரே டயர்.

பக்கத்து காரும் உங்கள் காரும் ஒன்றே என்றால் பணத்தை இறைத்து வேகம் வாங்க வழி அடைபட்டுவிடும். புது டயர், நல்ல அலைன்மென்ட், ஓட்டுகிறவர் கை, இவ்வளவுதான் மிச்சம். பட்ஜெட் குறைவு என்றால் விதி இறுக்கமாக இருக்கிற கிளாஸைத் தேடுங்கள். "எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்" என்கிற கிளாஸ் ஏழைக்கு ஆகாது. முதல் வருடம் நன்றாகத் தெரியும், இரண்டாம் வருடம் எதிராளி உங்களைவிட அதிகம் செலவு செய்திருப்பார்.

சரி, பணத்துக்கு வருவோம். "மூன்று லட்சத்துக்கு ஒரு பழைய ரேஸ் கார் வருதுங்கண்ணா, வாங்கிடட்டுமா?" என்று போனில் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒன்றுதான். அந்த கிளாஸில் போன சீசன் கடைசி ரவுண்டில் எத்தனை கார் கிளம்பியது? முதல் ரவுண்டில் பதினைந்து, கடைசியில் ஆறு என்றால் அந்த கிளாஸ் மூடும் நிலைக்கு வந்துவிட்டது. அடுத்த வருடம் அது இருக்காது, உங்கள் கார் ஷெட்டில் நிற்கும். விற்கிறவருக்கு இது தெரியும், அதனால்தான் விலை குறைவு. சீட் பெல்ட்டில் தைத்திருக்கிற லேபிளைப் பாருங்கள். எஃப்.ஐ.ஏ. 8853-2016 தரத்து ஹார்னஸ் (ரேஸ் சீட் பெல்ட்) பத்து வருடத்துக்குத்தான் செல்லும், 8855-1999 தரத்து பக்கெட் சீட் ஐந்து வருடம். இரண்டும் காலாவதி என்றால் மலிவாக வாங்கியதில் பாதி அங்கேயே போய்விடும். எக்ஸ்டிங்குயிஷர், ஃப்யூயல் லைன், கிளட்ச் எல்லாம் அதற்கு மேல்.

காரின் விலை ஒரு தடவை கொடுப்பது. பணத்தைத் தின்பது அதற்கப்புறம் வருகிற டயர், பிரேக் பேட், ஆயில், என்ட்ரி ஃபீஸ், லைசென்ஸ், லாரி வாடகை, மூன்று பேருக்கு ரூமும் சாப்பாடும். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிற இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போக இங்கிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர். செட்டிபாளையம் என்றால் ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளலாம். இந்த வித்தியாசத்தை நிறையப் பேர் கணக்கிலேயே எடுப்பதில்லை. எந்த கிளாஸின் எத்தனை ரவுண்டு எந்த டிராக்கில் என்று காலண்டரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு சீசனுக்கு என்று ஒதுக்கிய பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காருக்குப் போடாதீர்கள் என்பது என் வழக்கமான பேச்சு. ஒரு விபத்துக்கான பணத்தை எடுத்துத் தனியாக வையுங்கள். மோதுவது உங்கள் தப்பாகவே இருக்க வேண்டியதில்லை, முதல் கார்னரில் பின்னால் வருகிறவர் பிரேக்கைத் தவறவிட்டாலே போதும். வழக்கமான மோட்டார் இன்சூரன்ஸ் பாலிசி ரேஸில் ஆன சேதத்துக்கு ஒரு பைசா தராது, விலக்குப் பட்டியலில் ரேஸிங், ஸ்பீடு டெஸ்டிங் என்று தெளிவாகவே இருக்கும்.

என்னைக் கேட்டால், புதிதாக வருகிறவர் கார் வாங்கவே வேண்டாம். ஒரு வருடம் வாடகைக்கு ஓட்டுங்கள். எல்.ஜி.பி. கார்களை டீம்கள் ரேஸுக்கு வாடகைக்குத் தருகிறார்கள், மெக்கானிக், டயர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் வாய்ப்பேச்சை நம்பிப் பணம் கட்டாதீர்கள். மோதினால் நீங்கள் தர வேண்டிய தொகைக்கு உச்சவரம்பு எவ்வளவு, இன்ஜின் தானாகப் போனால் யார் செலவு, மழையில் ரேஸ் ரத்தானால் பணம் திரும்பி வருமா, இந்த மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

அதற்கும் பணம் போதாதா? ஆட்டோகிராஸ் இருக்கிறது. காலி மைதானத்தில் ஒரு நேரத்தில் ஒரு கார், கடிகாரத்தோடுதான் போட்டி. வீட்டுக் காரோடு கலந்துகொள்ளலாம், யாரும் வந்து மோத மாட்டார்கள். டி.எஸ்.டி. (டைம், ஸ்பீட், டிஸ்டன்ஸ்) ராலியில் வேகமே தேவையில்லை, கொடுத்த சராசரி வேகத்தைத் தவறாமல் பிடிக்கத் தெரிந்தால் போதும். மூடிய ரோட்டில் முழு வேகத்தில் நேரத்தோடு போட்டி போடுகிற ஸ்டேஜ் ராலிக்கு மட்டும் அவசரப்பட்டுப் போகாதீர்கள். மண் ரோட்டில் ஒவ்வொரு ராலியும் ஷாக் அப்சார்பரையும் அண்டர்பாடியையும் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிற கோ-டிரைவரும் வேண்டும், அவர் உயிரும் உங்கள் கையில். கார்ட்டிங்கைப் பொறுத்தவரை, மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிற ஃபோர் ஸ்ட்ரோக் கார்ட் நல்ல பள்ளிக்கூடம். 125 சிசி டூ ஸ்ட்ரோக் ரோட்டாக்ஸ் போட்டிக்குப் போனால் கார் ரேஸ் அளவுக்குச் செலவு எட்டிப் பார்க்கும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வைத்திருக்கிற பெற்றோர் அதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

பாதுகாப்புச் சாமானில் மிச்சம் பிடிக்காதீர்கள் தம்பிகளா. பைக் ஹெல்மெட் ஆகாது. ஹெல்மெட்டின் தரச் சான்றான ஸ்னெல் லேபிளில் 'எம்' என்று இருந்தால் அது பைக்குக்கு, காருக்கு 'எஸ்.ஏ.' வேண்டும். தீப்பிடித்தால் உள் லைனிங் எரியாமல் தாங்குகிறதா என்ற சோதனை அதற்குத்தான் உண்டு. இன்னொருவர் போட்டுக் கீழே விழுந்த ஹெல்மெட்டை செகண்ட் ஹேண்டில் வாங்கவே வாங்காதீர்கள். பிரேக் ஃப்ளூயிடை ஒவ்வொரு ரேஸுக்கு முன்னாலும் மாற்றுங்கள். டாட் 4 ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் இழுத்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். செட்டிபாளையம் ஏறக்குறைய 2.1 கிலோமீட்டர் டிராக், வளைவுகள் அடுத்தடுத்து வரும், பிரேக் ஆறவே நேரம் கிடைக்காது.

இன்னொன்றையும் கெஞ்சித்தான் கேட்கிறேன். கிளாஸ் கிடைக்காத அந்தக் கார்கள் எங்கே போகின்றன என்று எனக்குத் தெரியும். விடியற்காலையில் பைபாஸிலும் அவிநாசி ரோட்டிலும் நிற்கின்றன. அங்கே மார்ஷல் கிடையாது, ஆம்புலன்ஸ் கிடையாது, எதிரே பால் வண்டி வரும். மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவில் அது குற்றம். சட்டம் இருக்கட்டும், எதிரே வருகிறவர் வீட்டில் அவருக்காகக் காத்திருப்பார்கள். வேகமாக ஓட்டும் ஆசை வந்துவிட்டால் செட்டிபாளையத்தில் டிராக் டே எப்போது என்று கேட்டுப் பணம் கட்டிப் போங்கள்.

திருப்பூர்த் தம்பிக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். கேஜை அறுத்து எடுத்து, சீட்டைத் திரும்ப மாட்டி, கம்பெனியிலிருந்து வந்த பழைய மேப்பையே ஏற்றி, வீட்டுக் காராகவே விற்கச் சொன்னேன். போட்டதில் பாதி கூடத் தேறாது. வருகிற பணத்தில் ஹெல்மெட், சூட், லைசென்ஸ் எடுத்துவிட்டு ஒரு சீசன் வாடகைக் காரில் ஓட்டட்டும். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

நீங்களும் ஒரு ரூபாய் எடுக்கும் முன் ஒரு ரேஸ் வாரத்தில் செட்டிபாளையம் பேடாக்குக்கு, அதாவது டீம்கள் காரை நிறுத்தி வேலை பார்க்கிற இடத்துக்கு, போங்கள். ஜெயித்த டீமிடம் கேட்க வேண்டாம், கடைசி மூன்று இடத்தில் வருகிறவர்களிடம் இந்த வருடம் பணம் எதில் போனது என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போகாதீர்கள், காரை லாரியில் ஏற்றுகிற அவசரத்தில் இருப்பார்கள். சனிக்கிழமை பிராக்டிஸ் முடிந்து டயர் ஆறிக்கொண்டிருக்கும் நேரத்தில் போனால் உட்காரவைத்துச் சொல்வார்கள்.