யிஃப்ட், கிஃப்ட், மருந்து: நஞ்சுக்கு நாம் வைத்த பெயர்கள்

நோர்வேயில் குடும்ப நிலையைக் கேட்கும் படிவங்களில் ‘கிஃப்ட்’ என்று ஆங்கிலத்தில் வாசிக்கத் தோன்றும் ஒரு கட்டம் இருக்கும். ஊரில் ஆங்கிலம் படித்துவிட்டு வந்தவர்கள் அதைப் பரிசு என்று நினைத்துக் குழம்புவது வழக்கம். அது திருமணமானவர் என்று பொருள்படும் சொல். இங்கே அதை ‘யிஃப்ட்’ என்று உச்சரிப்பார்கள். அதே எழுத்துகள், அதே உச்சரிப்போடு, எலி நஞ்சுப் பெட்டியிலும் இருக்கும்: ‘ரொத்தெயிஃப்ட்’.

நான் வைத்தியசாலைகளில் தமிழுக்கும் நோர்வே மொழிக்கும் இடையே உரைபெயர்ப்பவள். இரகசியம் காக்கும் கடமை உள்ள தொழில்; ஆகவே எவருடைய கதையையும் இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் இந்தச் சொல்லின் கதையைச் சொல்லலாம். அது நமக்கும் தேவையான கதை.

‘கொடு’ என்ற பொருளுள்ள பழைய ஜெர்மானிய வேரிலிருந்துதான் எல்லாம் கிளைத்தன. ஆங்கிலத்தில் கொடுக்கப்படுவது பரிசு. ஆயினும் பழைய ஆங்கிலத்தில் இதே சொல்லுக்கு மணப்பெண்ணுக்காகக் கொடுக்கும் விலை என்ற பொருள் இருந்தது. நோர்வே, சுவீடன், டென்மார்க் மொழிகளில் ‘திருமணமானவர்’ என்ற பொருள் வந்ததும் அந்த வழியில்தான். ‘பெண் கொடுத்த இடம்’ என்று நாமும் சொல்கிறோமே, அதே எண்ணம்.

பரிசு எப்படி நஞ்சானது? வழியில் ஒரு வைத்தியர் நிற்கிறார். கிரேக்கத்தில் ‘டோசிஸ்’ என்றால் கொடுத்தல். வைத்தியர் நோயாளிக்குக் கொடுக்கும் அளவும் அதுவே. இலத்தீன் வழியாக வந்த அந்தச் சொல்லை ஜேர்மானியர் தங்கள் மொழியில் ‘கிஃப்ட்’ என்று பெயர்த்தார்கள். கொல்வதற்காகக் கொடுப்பதையும் வெளிப்படையாகச் சொல்லத் தயங்கி ‘கொடுத்தது’ என்றே சொல்லி வந்தார்கள். நாளடைவில் மென்மை போய் நஞ்சு மட்டும் மிஞ்சியது. இன்று ஜேர்மனில் ‘கிஃப்ட்’ என்றால் நஞ்சுதான். பழைய பொருள் ‘மிட்கிஃப்ட்’ என்ற சொல்லில் ஒளிந்திருக்கிறது. அதற்குச் சீதனம் என்று பொருள். 1538இல் பாரசெல்சஸ் என்ற வைத்தியர், எல்லாப் பொருளும் நஞ்சே, அளவுதான் ஒன்றை நஞ்சல்லாததாக்குகிறது என்று ஜேர்மனில் எழுதினார். அந்த வாக்கியத்தில் நஞ்சுக்கு ‘கிஃப்ட்’, அளவுக்கு ‘டோசிஸ்’. வேரில் இரண்டும் கொடுத்தல்தான். எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அது.

டச்சில் ‘கிஃப்ட்’ நன்கொடை, ‘கிஃப்’ நஞ்சு, ஓரெழுத்துத்தான் இடைவெளி. ஐஸ்லாந்தில் ‘கிஃப்தா’ என்றால் நல்லதிர்ஷ்டம். நஞ்சுக்கு அவர்களிடம் ‘எய்துர்’ என்ற வேறு சொல் உண்டு. அதன் உறவுச் சொல் ஜேர்மனில் சீழைக் குறிக்கிறது. பிரெஞ்சு, ஆங்கில மொழிகளில் நஞ்சைக் குறிக்கும் ‘பொய்சன்’ இலத்தீனில் வெறும் ‘பானம்’. ‘டொக்ஸிக்’ என்பதன் வேர் கிரேக்கத்தில் வில். அம்பு முனையில் தடவிய நஞ்சிலிருந்து வந்த சொல். எலி நஞ்சுக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்திருக்கும் பழைய பெயர் மட்டும் எதையும் மறைக்கவில்லை: ‘எலிகளுக்குச் சாவு’.

நாம் அதற்கு வைத்திருக்கும் பெயர் எலி மருந்து.

பூச்சி மருந்து, கொசு மருந்து, பயிருக்கு மருந்து அடிக்கிறது என்று நாமும் நஞ்சை மருந்தென்றே அழைத்துப் பழகிவிட்டோம். ‘மருந்து குடிச்சிட்டார்’ என்று ஊரில் சொன்னால் கேட்டவர் பதறி எழும்புவார். அதையே வீட்டுப் பிள்ளை நோர்வே மொழியில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், தாதியின் காதில் விழுவது ‘அவர் மருந்து எடுத்தார்’ என்பதுதான். அடுத்து அவர் எந்தக் குளிசை, எத்தனை மில்லிகிராம் என்றுதான் கேட்பார். பிள்ளை மீது பிழையில்லை. இரண்டு மொழியும் சரளமாகப் பேசும் பிள்ளைக்கு, அம்மம்மாவின் ‘மருந்து’ எந்த மருந்து என்று எப்படித் தெரியும்? நோர்வேயில் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள உரைபெயர்ப்புச் சட்டம் சிறுவர்களை உரைபெயர்ப்புக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. உயிராபத்து போன்ற அவசரங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் நஞ்சு விழுங்கிய வீட்டில் நடப்பது அந்த அவசரம்தானே.

பொருள் எதுவென்று தெரிந்தால்தான் வைத்தியம் தொடங்கும். இன்றைய எலி நஞ்சுகளில் பல இரத்தம் உறைவதைத் தடுப்பவை. விழுங்கியவர் முதல் நாள் நன்றாகவே இருப்பார். இரத்தப்போக்கு நாட்கள் கழித்துத் தொடங்கலாம். அந்த நஞ்சை முறிப்பது வைட்டமின் கே. பயிருக்கு அடிக்கும் சில பூச்சிகொல்லிகளோ நிமிடங்களில் மூச்சைப் பிடிக்கும். அங்கே தேவைப்படுவது அட்ரோபின்.

அதனால் ‘மருந்து’ என்று சொல்லி நிறுத்தாதீர்கள். எதற்குப் பாவிப்பது, எங்கே வைத்திருந்தது, எவ்வளவு போயிருக்கும் என்று சொல்லுங்கள். ஊரிலிருந்து கொண்டு வந்த பொருளென்றால் அதையும் மறைக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போத்தலையோ பெட்டியையோ கையில் எடுத்துக்கொண்டு தொலைபேசியில் பேசுங்கள். லேபலில் ‘எச் 301’ என்றிருந்தால் விழுங்கினால் நஞ்சு என்று பொருள். மொழி மாறினாலும் அந்தக் குறி ஐரோப்பா முழுக்க மாறாது. அபாயமான வீட்டுப் பாவனைக் கலவைகளில் ‘யூஎஃப்ஐ’ (UFI) என்ற தலைப்போடு 16 எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடும் இருக்கும். நஞ்சுத் தகவல் நிலையத்துக்கு அதை வாசித்துக் காட்டினால் உள்ளே இருப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். அதற்கு மொழியே வேண்டாம்.

நோர்வேயில் நஞ்சுத் தகவல் நிலையம் 22 59 13 00, டென்மார்க்கில் 82 12 12 12, சுவிற்சர்லாந்தில் 145. சுவீடனில் அவசரமென்றால் 112ஐ அழைத்து நஞ்சுத் தகவல் என்று கேட்க வேண்டும். ஜேர்மனியில் பகுதிக்குப் பகுதி வேறு. பெர்லினில் 030 19240. ஆள் மயங்கியிருந்தாலோ மூச்சுத் திணறினாலோ இவற்றைத் தேடாமல் நேரே ஆம்புலன்ஸை அழையுங்கள்: நோர்வேயில் 113, சுவிற்சர்லாந்தில் 144, மற்ற நாடுகளில் 112.