ஏப்ரலில் சண்டை, ஆகஸ்டில் தூக்கம்: டெக்சஸ் வீட்டு வரி பற்றிக் கொஞ்சம்

டாலஸ் பக்கத்தில் வரிக் கணக்கு பார்க்கும் எனக்கு ஒவ்வொரு ஏப்ரலிலும் தவறாமல் வரும் கேள்வி: "அப்ரைசல் நோட்டீஸ் வந்திருக்கு, புரொடெஸ்ட் பண்ணலாமா சார்?" அப்ரைசல் நோட்டீஸ் என்பது உங்கள் வீட்டுக்கு அரசு போட்ட மதிப்பைச் சொல்லும் கடிதம், புரொடெஸ்ட் என்பது அந்த மதிப்பை எதிர்த்து முறையிடுவது. தாராளமாகப் பண்ணலாம். மே 15 அல்லது நோட்டீஸ் அனுப்பியதிலிருந்து 30 நாள், இதில் எது பிந்தியதோ அதுவரை நேரம் உண்டு. ஆனால் அதே வீட்டில் பல வருடமாக இருப்பவர்களுக்கு, புரொடெஸ்ட்டில் ஜெயித்தும் வரியில் ஒரு டாலர்கூடக் குறையாமல் போவதுண்டு.

காரணம் 10 சதவீத வரம்பு. ஹோம்ஸ்டெட் விலக்கு, அதாவது சொந்தக்காரரே குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகை, வாங்கிய வீட்டுக்கு, சந்தை விலை எவ்வளவு எகிறினாலும், வரி போடும் மதிப்பை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. புதிதாகக் கட்டிய பகுதி மட்டும் இதில் சேராது. உதாரணமாக, சந்தை மதிப்பு 6 லட்சம் டாலர், வரிக்கான மதிப்பு 4.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வருடம் சந்தை 5.7 லட்சத்துக்கு இறங்குகிறது. வரிக்கான மதிப்போ 4.95 லட்சத்துக்கு ஏறும். "விலை இறங்கியிருக்கு, வரி ஏன் ஏறுது?" என்று கோபப்படுபவர்கள் எல்லோரும் இந்த இடைவெளியில்தான் மாட்டியிருக்கிறார்கள். நீங்கள் வாதாடி 5.7ஐ 5.2 ஆக்கினாலும் பில் மாறாது. 4.95க்குக் கீழே கொண்டுபோனால்தான் லாபம்.

இந்த வரம்பு தானாக வராது. ஹோம்ஸ்டெட் விலக்குக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். வரியை எஸ்க்ரோ வழியாக, அதாவது வீட்டுக் கடன் தவணையோடு சேர்த்து வாங்கி வைக்கும் பணத்திலிருந்து, வங்கி கட்டிவிடுவதால் பலர் பில்லையே பார்ப்பதில்லை. விலக்கு இல்லை என்பதே தெரியாமல் வருடங்கள் ஓடிவிடும். உங்கள் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வீட்டு மதிப்பைக் கணக்கிடும் அலுவலகமான அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டின் தளத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. விண்ணப்பம் இலவசம். பணம் கேட்டு வரும் கடிதங்களைக் குப்பையில் போடலாம். டிரைவர் லைசென்ஸில் அதே முகவரி இருக்க வேண்டும். விட்டுப்போனதை இரண்டு வருடம் வரை பின்தேதியிட்டும் கேட்கலாம். அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்கிறேன்: திரும்பி வரும் எண்ணத்தோடு, வேறு எங்கும் நிரந்தர வீடு ஆக்கிக்கொள்ளாமல், இரண்டு வருடத்துக்குள் திரும்பினால் விலக்கு போகாது.

2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பிறகு ஸ்கூல் வரிக்கான, அதாவது வீட்டு வரியில் பள்ளிகளுக்குப் போகும் பங்குக்கான, விலக்கு 1,40,000 டாலர். இது வீட்டு மதிப்பிலிருந்து கழியும். 65 வயதானவர்களுக்கு மேலும் 60,000. அதோடு ஸ்கூல் வரித் தொகைக்கே ஓர் உச்சவரம்பு விழுந்துவிடும். வீட்டில் புதிய அறை கட்டினால் தவிர அதைத் தாண்டாது. ஆனால் 65 தாண்டிய அப்பா உங்களோடு இருக்கிறார் என்பது மட்டும் போதாது. வீட்டில் அவருக்கு உரிமைப் பங்கு இருக்க வேண்டும். அதற்காக அவசரப்பட்டுப் பத்திரத்தில் பெயர் சேர்க்காதீர்கள், முதலில் வக்கீலைக் கேளுங்கள்.

ஸ்கூல் பங்குக்கு மாநிலச் சட்டமே பாதுகாப்பு. கவுண்டி, நகரம், கம்யூனிட்டி காலேஜ் பங்குகளுக்கு அப்படியில்லை. 65க்கு மேற்பட்டவர்களுக்கான உச்சவரம்பை அந்தந்த அமைப்பு தானாகவோ, வாக்காளர்கள் மனு கொடுத்து நடக்கும் வாக்கெடுப்பிலோ கொண்டுவந்தால்தான் உண்டு. கவுண்டியில் இதை முடிவு செய்வது கமிஷனர்ஸ் கோர்ட், அதாவது கவுண்டி ஜட்ஜும் நான்கு கமிஷனர்களும். ஒருமுறை கொண்டுவந்த உச்சவரம்பைத் திரும்பப் பெற முடியாது என்பதால் தயங்குவார்கள். ஷெரீஃப், சிறை, நீதிமன்றம், சாலை எல்லாவற்றுக்கும் அதே பையிலிருந்துதான் பணம் போகிறது. ஒருவருக்குக் குறைத்தால் இன்னொருவர் தலையில்தான் ஏறும், பெரும்பாலும் புதிதாக வீடு வாங்கிய இளம் குடும்பத்தின் தலையில்.

கவுண்டி 20 சதவீதம் வரை பொது விலக்கும் தரலாம். எனக்கு இதில் பெரிய பிரியமில்லை. 3 லட்சம் வீட்டுக்கு 60,000 கழிகிறது, 10 லட்சம் வீட்டுக்கு 2 லட்சம் கழிகிறது. வசதி உள்ளவருக்கே அதிகம் போய்ச்சேர்கிறது. முதியவர்களுக்கு நிலையான தொகையாக விலக்கு கேட்பதுதான் நியாயம்.

சரி, எங்கே கேட்பது? பெரும்பாலான கவுண்டிகளின் நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது. அதனால் பட்ஜெட்டும் வரி விகிதமும் ஆகஸ்ட், செப்டம்பரில் முடிவாகும். கூட்டத்தில் யாரும் எழுந்து பேசலாம். ஏப்ரலில் துடிக்கிற நம் ஆட்கள் அப்போது பள்ளி திறக்கிற பரபரப்பில் இருப்பார்கள். "விகிதத்தைக் குறைத்துவிட்டோம்" என்று அறிவிப்பு வரும், நாமும் சந்தோஷப்பட்டுவிடுவோம். கூடவே அச்சிட்டிருக்கும் இன்னொரு எண்ணைத் தேடுங்கள். அதன் பெயர் நோ-நியூ-ரெவென்யூ விகிதம். போன வருடம் இருந்த அதே சொத்துகளிடமிருந்து அதே பணத்தைத் திரட்டப் போதுமான விகிதம் அது. புதிய விகிதம் அதற்கு மேலே இருந்தால், குறைப்பு என்று சொன்னாலும் உண்மையில் அது ஏற்றம்தான். 2019இல் வந்த சட்டப்படி, பழைய சொத்துகளிலிருந்து கவுண்டி திரட்டும் பராமரிப்பு வரி (கடன் அடைப்பதற்கானது நீங்கலாக, அன்றாடச் செலவுக்கானது) 3.5 சதவீதத்துக்கு மேல் கூடினால் மக்கள் வாக்கெடுப்பு வைத்தாக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் கட்ட முடியாத 65 வயதுக்காரர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வரியைத் தள்ளிப்போடக் கேட்கலாம், வீட்டை ஏலம் விட முடியாது. 5 சதவீத வட்டி ஓடும். அவர் காலத்துக்குப் பின் 180 நாளில் மொத்தமும் கட்ட வேண்டியதாகும். வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் வங்கி ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதனால் கையெழுத்துப் போடுமுன் பிள்ளைகளிடமும் வங்கியிடமும் பேசிவிடுங்கள்.